க்ரூட் கான்ஸ்டான்ஷியா: க்ளூட்டி குடும்பத்தின் தோட்டம் எதனால் சரிந்தது?

கடலோடி

கேப் டவுனில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் ஏழெட்டு தடவையாவது க்ரூட் கான்ஸ்டான்ஷியாவுக்குப் போயிருப்பேன். டேபிள் மலைக்குப் பின்னால், கான்ஸ்டான்ஷியாபெர்க் சரிவில் இருக்கிற பழைய திராட்சைத் தோட்டம். வெள்ளை வெளேரென்று ஒரு டச்சு வீடு, அதன் பின்னால் நீளமான மதுக்கிடங்கு. தூரத்தில் ஃபால்ஸ் விரிகுடா தெரியும். மதியத்துக்கு மேல் அங்கிருந்து குளிர்ந்த காற்று சரிவில் ஏறி வரும்.

ஊர் திரும்பிய பிறகும் அந்தத் தோட்டத்தின் கதை என்னை விடவில்லை. 1685இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்பில் வைத்திருந்த குடியேற்றத்தின் தலைவர் சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்கு இந்த நிலம் கிடைக்கிறது. 1712இல் அவர் இறந்ததும் நிலம் துண்டாகி விலைக்குப் போகிறது. பல கை மாறி 1778இல் ஹென்ட்ரிக் க்ளூட்டி வாங்குகிறார்.

க்ளூட்டிகள் நேற்று வந்தவர்கள் இல்லை. 1657இல் கம்பெனி தன் ஊழியர்களில் சிலரை வேலையிலிருந்து விடுவித்து, நிலம் கொடுத்து, தனிக் குடியானவர்களாக உட்கார வைத்தது. அந்த முதல் தலைமுறைக் குடியானவர்களில் ஒருவர் யாகோப் க்ளூட்டி. கேப் மண்ணில் விளைந்த திராட்சையை முதன்முதலாகப் பிழிந்தது 1659 பிப்ரவரியில். அப்போதே அங்கே இருந்த குடும்பம்.

ஹென்ட்ரிக் வாங்கும்போது தோட்டம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. கொடிகளை மறுபடி நட்டார், வீட்டைப் புதுப்பித்தார், 1791இல் அந்தக் கிடங்கைக் கட்டினார். இவர்களுடைய இனிப்பு மது ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போனது. செயின்ட் ஹெலினா தீவில் காவலில் இருந்த நெப்போலியனுக்கும் கப்பலில் போனது. அப்படிப்பட்ட தோட்டத்தை 1885இல் கேப் அரசாங்கத்திடம் 5,275 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் வெளியேறியது. கையில் இருந்தது 107 வருஷம்.

நான் படித்தவற்றில் பெரும்பாலும் ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்து கொடிகளை அழித்தது, குடும்பம் நொடித்துப் போனது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு

கடலோடி, நீங்கள் கொடுத்த ஆண்டுகளிலேயே பாதி பதில் இருக்கிறது. விற்பனை நடந்தது 1885. ஃபைலாக்சரா கேப்பில் கண்டுபிடிக்கப்பட்டது 1886 தொடக்கத்தில், கேப் டவுனை ஒட்டிய மௌப்ரேயில். பூச்சி ஊருக்குள் தெரியவந்தபோது க்ளூட்டிகள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பூச்சி பின்னால் எத்தனையோ தோட்டங்களை அழித்தது, அதை மறுக்க முடியாது. அரசாங்கம் இந்தத் தோட்டத்தை மாதிரிப் பண்ணையாக்கி, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கன்றுகளை வளர்க்கவும் பயன்படுத்தியது. அதனால்தான் பூச்சியும் தோட்டமும் ஒரே கதையாகச் சேர்ந்துவிட்டன. ஆனால் குடும்பம் விழுந்ததற்குக் காரணம் அதற்கு முன்னால் இருக்கிறது. எனக்குத் தெரிந்து 1813இலிருந்து தேட வேண்டும்.

பந்தல்காரன்

வரலாறு எனக்குத் தெரியாது. திராட்சை தெரியும். முப்பது வருஷமாகக் கவாத்து வெட்டுகிறவன். பழைய ஏடு ஐயா சொன்ன பூச்சிக்கு முன்னாடி அங்கே வேறொன்று வந்திருக்கிறது. 1859இல் சாம்பல் நோய். அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்த நோயைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் இலையில் விபூதியைத் தூவியது போல ஒரு படலம் தெரியும். துடைத்தால் போய்விடும், மறுநாள் மறுபடி நிற்கும். பிறகு பிஞ்சில் ஏறும். பிஞ்சின் தோல் தடித்து இறுகிப் போகும். உள்ளே சதை மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். தோல் விரிந்து கொடுக்காது. ஒரு நாள் பட்டென்று வெடித்து விதை வெளியே தெரியும். காலையில் கொத்தைத் தூக்கிப் பிடித்தால் பாதிப் பழம் வாயைப் பிளந்து நிற்கும். அதற்கப்புறம் ஈ, அழுகல், புளிப்பு வாடை.

சந்தைக்கு வெட்டுகிற திராட்சை என்றால் முன்கூட்டியே வெட்டி ஓரளவு தேற்றலாம். கான்ஸ்டான்ஷியா மது அப்படி எடுப்பதில்லை. பழத்தைக் கொடியிலேயே விட்டு, நன்றாகப் பழுத்து, நீர் வற்றிச் சுருங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சர்க்கரைதான் மதுவே. பிறகு காம்பை நீக்கிப் பழத்தை மட்டும் சேர்க்க வேண்டும். தோல் வெடித்த பழத்தை அத்தனை நாள் கொடியில் விட்டுவைக்க முடியுமா? அந்த நோய்க்கு இதைவிடத் தோதான பயிர் கிடையாது.

கந்தகத்தூள் அடித்தால் அடங்கும். அந்த வைத்தியம் அப்போதே பிரான்ஸில் தெரிந்திருந்தது, கேப்புக்கும் வந்தது. ஆனால் தூளும் காசு, தூவுகிற ஆளும் காசு. விளைச்சல் குறைந்த வருஷத்தில்தான் அந்தச் செலவைச் செய்தாக வேண்டும்.

மதியழகி

பந்தல்காரன் அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இனி கணக்குப் பக்கம் நான் சொல்கிறேன். பழைய ஏடு 1813 என்றது இதைத்தான்.

அப்போது கேப் பிரிட்டிஷ் கையில். நெப்போலியன் போரில் ஐரோப்பிய மது வருவது சிக்கலானதால், போர்ச்சுகல் மதுவுக்கு வாங்குகிற வரியில் மூன்றில் ஒரு பங்குதான் கேப் மதுவுக்கு என்று 1813இல் பிரிட்டன் சலுகை கொடுத்தது. உடனே கேப்பில் கண்ட இடமெல்லாம் கொடி நட்டார்கள். மதுதான் அந்தக் குடியேற்றத்தின் தலையாய ஏற்றுமதி ஆனது. கடன் வாங்கி நட்டார்கள், கடன் வாங்கி அடிமைகளை வாங்கினார்கள்.

போர் முடிந்தது. 1825இல் ஐரோப்பிய மதுவின் வரியைக் குறைத்தார்கள். 1831இல் வெளிநாட்டு மதுவுக்கெல்லாம் காலனுக்கு 5 ஷில்லிங் 6 பென்ஸ், கேப் மதுவுக்கு அதில் பாதி, 2 ஷில்லிங் 9 பென்ஸ். மூன்றில் ஒன்று பாதியாகிவிட்டது, ஆனாலும் மூச்சு விட முடிந்தது. 1860இல் பிரான்ஸோடு வணிக ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் தன் வரவுசெலவுத் திட்டத்தில் பிரெஞ்சு மதுவுக்குக் கதவைத் திறந்ததும் அந்தச் சலுகையும் போயிற்று. கேப்பிலிருந்து மது ஏற்றிக்கொண்டு போகக் கப்பல் மாதக்கணக்கில் கடல் தாண்ட வேண்டும். பிரான்ஸிலிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் போதும்.

1859இல் நோய், 1860இல் வரி. ஒரு குடும்பத்தின் மேல் அடுத்தடுத்த வருஷங்களில் இரண்டும் விழுந்திருக்கின்றன.

கடலோடி

மதி, இது மொத்தமாக விற்ற மட்ட மதுவுக்குப் பொருந்தும். கான்ஸ்டான்ஷியா அரசர்கள் குடித்தது. அதை வாங்குகிறவர் ஒரு ஷில்லிங் வரி ஏறியதற்காக நிறுத்துவாரா?

மதியழகி

நியாயமான கேள்வி. ஆனால் பெயர் ஒரே பெயராகிவிட்டது என்பதைப் பாருங்கள். வரிச்சலுகைக் காலத்தில் அவசரமாகப் பிழிந்து, பதம் பார்க்காமல் பீப்பாயில் அடைத்து அனுப்பிய மது லண்டனில் குவிந்து, கேப் மது என்றாலே மட்டம் என்ற எண்ணம் ஊறிப்போனது. அதோடு கேப்பின் வேறெந்த இனிப்பு மதுவுக்கும் கான்ஸ்டான்ஷியா என்று பெயர் ஒட்டி விற்கவும் ஆட்கள் இருந்தார்கள். நல்ல பெயருக்குக் காவல் போட அப்போது சட்டம் இல்லை.

இன்னொன்று. இந்த மது கம்பெனிக் காலத்திலும் சுதந்திரமாகச் சந்தையில் விற்கப்பட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் இவ்வளவு பீப்பாயைக் குறித்த விலைக்கு எங்களுக்குத் தர வேண்டும் என்று கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்தது. மீதியைத்தான் வெளியே விற்கலாம். விலை குறைவு என்று ஹென்ட்ரிக் முறையிட்டிருக்கிறார், ஆனால் வாங்குகிற கை நிச்சயம். பிரிட்டிஷார் வந்த பிறகு வரிச்சலுகை அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டும் இல்லாமல் இந்தத் தோட்டம் சந்தையில் தனியாக நின்ற காலம் 1860க்குப் பிறகுதான். அதுவும் 25 வருஷம்.

நிலாவேணி

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி, வரி, நோய் எல்லாம் சொன்னீர்கள். உழைத்தவர்களைப் பற்றி மதி போகிற போக்கில் ஒரே ஒரு சொல் எழுதியதோடு சரி. அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு இந்தத் தோட்டத்தின் ஏற்றத்தையும் சொல்ல முடியாது, இறக்கத்தையும் சொல்ல முடியாது.

1790களின் கடைசியில் ஆன் பார்னார்ட் என்ற ஸ்காட்லாந்துச் சீமாட்டி கான்ஸ்டான்ஷியாவுக்கு விருந்தாளியாகப் போனார். க்ளூட்டி விருந்தாளிகளைத் திராட்சை பிழியும் இடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார். தொட்டிக்குள் மூன்று ஆட்கள், அரை உடம்பு துணியில்லாமல், இசைக்குத் தாளம் தப்பாமல் திராட்சையை மிதிக்கிறார்கள். வந்தவர்கள் கறுப்புக் கால்கள் மிதித்த மதுவையா குடிப்பது என்று முகம் சுளிக்கிறார்கள். புளித்து நுரைக்கும்போது அழுக்கெல்லாம் போய்விடும் என்று தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சீமாட்டி மிதிப்பவர்களின் உடல் வடிவை வெண்கலச் சிலைக்கு ஒப்பிட்டு வியக்கிறார். மூன்று பேரின் பெயரைக் கேட்கவில்லை.

அந்தப் பெயர்கள் எப்படி இருந்திருக்கும்? கேப் ஆவணங்களில் அடிமைகளுக்கு அவர்களைப் பிடித்து வந்த இடமே குடும்பப் பெயர். வான் பெங்காலே என்றால் வங்காளத்துக்காரர். வான் மலபார், வான் மடகாஸ்கர். இன்னொன்று, வான் டே குஸ்ட், அதாவது கரையிலிருந்து வந்தவர். எந்தக் கரை தெரியுமா? சோழமண்டலக் கரை. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் அதே டச்சுக் கம்பெனிதான் கோட்டை வைத்திருந்தது. அதனால் இந்தக் கதை எனக்கு யாரோ வெள்ளைக்காரன் தோட்டத்துக் கதையாகத் தெரியவில்லை.

கடலோடி சொன்ன கிடங்கின் முகப்பை நினைத்துப் பாருங்கள். கூரைக்கு அடியில் முக்கோணத்தில் ஒரு சுதைச் சிற்பம், ஆன்டன் ஆன்ரைத் செய்தது என்பார்கள். கனிமீட் என்ற கிரேக்கச் சிறுவன். கழுகு வந்து அவனைத் தூக்கிப் போய்விடும், தேவர்களுக்கு மது ஊற்றுவதற்காக. ஊரிலிருந்து பிடித்து வரப்பட்டு அடுத்தவருக்கு மது ஊற்ற வைக்கப்பட்ட பிள்ளை. அவனைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, அவன் போலவே பிடித்து வரப்பட்டவர்கள் அந்தக் கதவு வழியாகப் பீப்பாய்களை உருட்டியிருக்கிறார்கள்.

தென்கரை

நிலாவேணி எழுதியது மனதைத் தொட்டது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இழையின் கேள்வி குடும்பம் ஏன் விழுந்தது என்பது. அன்று உலகத்தில் பாதி இடத்தில் அடிமை முறை இருந்தது. அதே முறையில்தான் தோட்டம் உயர்ந்தது. அப்படியிருக்க அதுவே வீழ்ச்சிக்கும் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒரு குடும்பம் நாலு தலைமுறை மண்ணோடு பாடுபட்டதையும் மதிக்க வேண்டும்.

பழைய ஏடு

தென்கரை, அதற்கு ஆவணத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

1834 டிசம்பர் 1 அன்று கேப்பில் அடிமைகள் விடுதலை. ஆனால் பயிற்சிக் காலம் என்ற பெயரில் 1838 டிசம்பர் 1 வரை அதே எஜமானிடம் வேலை செய்ய வேண்டும். விடுதலையானவர்கள் ஏறத்தாழ 38,000 பேர். இழப்பீடு எஜமான்களுக்கு. பேரரசு முழுவதற்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒதுக்கியது 2 கோடி பவுண்டு, கேப்பின் பங்கு சுமார் 12 லட்சம். அடிமைகளின் மதிப்பாகக் கணக்கிட்டதில் பாதிகூட இல்லை. அந்தப் பணத்தையும் லண்டனில் போய்த்தான் வாங்க வேண்டும். அதனால் கேப்பின் எஜமான்கள் உரிமைச் சீட்டுகளைத் தரகர்களிடம் தள்ளுபடியில் விற்றார்கள். பலர் அடிமைகளையே ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். விடுதலை பெற்றவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

ஆகவே உயர்த்தியது எதுவோ அதையே நம்பி நின்றதுதான் சிக்கல். கூலி கொடுத்து நடத்தினால் இந்த மது எவ்வளவுக்குக் கட்டுப்படியாகும் என்று 1838 வரை யாரும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

நாலு தலைமுறை என்றீர்களே, அதிலும் ஒன்று இருக்கிறது. டச்சுச் சட்டப்படி கணவன் மனைவி சொத்து பொது, பிள்ளைகளுக்குச் சமபங்கு. நல்ல சட்டம்தான், பெண்ணுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு சாவிலும் தோட்டத்தைக் கூறுபோட வேண்டும், அல்லது ஒருவர் மற்றவர்கள் பங்கை விலை கொடுத்து வாங்க வேண்டும். முதல் ஹென்ட்ரிக் 1799இல் இறந்தார். மகன் ஹென்ட்ரிக் 1818இல். அவருடைய விதவை அன்னா கத்தரீனா ஷெல்லர் தோட்டத்தை நடத்தினார். 1823இல் க்ளைன் கான்ஸ்டான்ஷியா தனியாகப் பிரிந்து ஒரு மகனுக்குப் போனது. 1824இல் இன்னொரு மகன் யாகோப் பீட்டர் மீதித் தோட்டத்தை வாங்கிக்கொண்டார். அவர் வாங்கிய மறுவருஷம் லண்டனில் முதல் வரி மாற்றம். பாவம், அந்த மனிதர் 1875இல் இறக்கும்வரை ஐம்பது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது எல்லாம் இறங்குமுகத்தில். அவர் போய்ப் பத்தே வருஷத்தில் விற்பனை.

அவரைச் சோம்பேறி வாரிசு என்று சிலர் எழுதுவது எனக்கு ஏற்பில்லை. முதல் ஹென்ட்ரிக்கை இவர் இடத்தில் வைத்தாலும் தப்பித்திருக்க மாட்டார்.

பந்தல்காரன்

ஆள் கணக்கு எனக்குப் புரிகிற கணக்கு. சுருங்கிய பழம் ஒரு கூடை சேர்க்கப் பச்சைப்பழம் எத்தனை கூடை வேண்டும்? நீர் வற்றிய பிறகு எடை பாதிக்குக் கீழே போகும். அதிலும் அழுகியதைக் கிள்ளி எறிந்து, காம்பை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே கொடிக்கு நாலு தடவை போய் வந்து பறிப்பது என்றால், சும்மா கிடைக்கிற கைகள் இருந்தால்தான் மனுஷன் அப்படியொரு வேலையை யோசிப்பான். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால் அந்த மதுவின் விலையே வேறு.

1870களில் ஆட்களே கிடைக்கவில்லை என்றும் படித்தேன். கிம்பர்லியில் வைரம் கிடைத்தது, ரயில் பாதை போட்டார்கள், அங்கே கூலி அதிகம். திராட்சைப் பறிப்பு ஒரு வாரம் தள்ளினால் போச்சு, பயிர் காத்திருக்காது. அறுவடை நேரத்தில் ஆள் வராத வருஷம் எனக்கும் இருந்திருக்கிறது. கொத்துகளைக் கொடியிலேயே பார்த்துக்கொண்டு நிற்பது என்ன வேதனை என்று தெரியும்.

நிலாவேணி

ஆட்களைப் பிடித்து வைக்க அந்த வட்டாரத் தோட்டக்காரர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? கூலியில் ஒரு பகுதியை மதுவாகவே ஊற்றுவது. காலையில் ஒரு குவளை, வேலைக்கு நடுவில் ஒன்று, மாலையில் ஒன்று. டாப் முறை என்பார்கள். விற்க முடியாத மது இப்படித் தொழிலாளியின் உடம்புக்குள் போனது. சட்டப்படி தடை வந்தது 1960களில்தான். தாய் குடித்ததால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் மேற்கு கேப்பின் திராட்சை ஊர்களும் உண்டு. 1885இல் குடும்பம் வெளியேறிவிட்டது, இவர்கள் எங்கும் போகவில்லை.

தென்கரை, நீங்கள் பாடுபட்ட குடும்பம் என்றது நியாயமே. ஆனால் முன்னோடி என்றால் க்ளூட்டி மட்டுமா? ஹென்ட்ரிக்குக்கு அறுபது வருஷம் முன்னால் இதே க்ரூட் கான்ஸ்டான்ஷியாவின் எஜமானி அன்னா டி கோனிங். ஸ்வீடன்காரர் ஓலோஃப் பெர்கின் மனைவி. கணவர் 1724இல் இறந்த பிறகும் அவரே வைத்திருந்தார். அவருடைய அம்மா ஆஞ்சலா, வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, கேப்பின் முதல் தலைவர் வான் ரீபெக் வீட்டில் வேலை செய்து, 1666இல் குழந்தைகளோடு விடுதலை பெற்றவர். அடிமையாகப் பிறந்த பெண் அந்த வீட்டின் சாவிக்கொத்தை வைத்திருந்தார். அவரும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

பக்கத்துத் துண்டான ஹூப் ஆப் கான்ஸ்டான்ஷியாவில் யோஹன்னஸ் கோலைன் இருந்தார். கான்ஸ்டான்ஷியா என்ற பெயரை ஐரோப்பாவில் முதலில் நிலைநாட்டியது க்ளூட்டிகள் இல்லை, இவருடைய மது. இவருடைய தாய் மரியா எவர்ட்ஸ், விடுதலை பெற்ற மேற்கு ஆப்பிரிக்க அடிமைகளின் மகள்.

தென்கரை

அன்னா டி கோனிங், கோலைன் இருவரைப் பற்றியும் இன்றுதான் கேள்விப்படுகிறேன். க்ளூட்டி பெயரோடு கதை தொடங்குகிறது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி. வீட்டைப் பற்றி ஒரு கேள்வி: இப்போது நிற்பது ஹென்ட்ரிக் புதுப்பித்த அதே வீடா?

கடலோடி

முழுக்க அதே வீடு இல்லை. 1925 டிசம்பரில் தீப்பிடித்து கூரையும் உள்ளும் எரிந்தன. சுவர்கள் நின்றன. கெண்டல் என்ற கட்டடக் கலைஞர் பழைய தோற்றத்திலேயே திருப்பிக் கட்டினார். கிடங்கு தப்பியது. 1993இல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள், இன்றும் மது எடுக்கிறார்கள். பிரிந்துபோன க்ளைன் கான்ஸ்டான்ஷியாவில்தான் பழைய இனிப்பு மதுவை முதலில் மீட்டார்கள். 1980இல் தோட்டம் கை மாறியது, 1986 அறுவடையிலிருந்து மறுபடி பழைய மஸ்கட் கொடியில் எடுக்கிறார்கள். பிறகு க்ரூட் கான்ஸ்டான்ஷியாவும் தொடங்கியது.

பந்தல்காரன் அண்ணா, நான் அங்கே இருந்தபோது ஒரு மார்ச் மாதத்தில் அந்தக் கொத்துகளைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறேன். மற்ற வரிசைகள் எல்லாம் வெட்டி முடிந்து வெறும் இலை. இந்த வரிசைகளில் மட்டும் பழுப்பேறிய பழங்கள், உலர்திராட்சைக்கும் பச்சைப்பழத்துக்கும் நடுவில் ஒரு பதத்தில் தொங்கின. ஒரு அம்மா கத்தரிக்கோலோடு கொத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நாலைந்து பழத்தை மட்டும் எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த கொடிக்குப் போனார். இன்னும் பத்து நாளில் இதே கொடிக்கு வருவேன் என்றார். ஏழெட்டு தடவை போனவன், அந்த முகப்பில் இருக்கும் சிறுவன் யார் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டை மட்டும் அத்தனை படம் எடுத்திருக்கிறேன், கிடங்கின் முகப்பு ஒன்றில் பாதி விழுந்திருக்கிறது. அதைத் தேடி இங்கே போடுகிறேன். கழுகின் இறக்கை தெரிகிறது.